பொய்க் கடிதத்தில் இருந்த ஒரே உண்மை

காலை 9.50.

"ரெண்டுமே ஃப்ராடு லெட்டருங்க மேடம். எவன் அனுப்புறான்னு புடிச்சிக் குடுங்க" என்று சொல்லி, துணிப்பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து மேசைமேல் வைத்தார் ஜெயம்மாள்.

திருத்தணி காவல் நிலையத்தில் அன்று யாருக்கும் கடிதம் படிக்கிற மனநிலை இல்லை. ஆடிக்கிருத்திகைக்கு இன்னும் நான்கே நாள். தடுப்புக் கட்டை எங்கே, காவடிக் கூட்டம் எந்தப் பக்கம், ஆந்திரா பஸ் எங்கே நிற்பது என்று காலையிலிருந்து ஒரே பேச்சு. ஏட்டு துளசிங்கம் வந்தவரை வந்த வழியே அனுப்பப் பார்த்தார்.

"சைபர் க்ரைமுக்கு ஒரு போன் போடும்மா. அவங்க பாத்துப்பாங்க."

"லெட்டருக்கு எதுக்கு ஏட்டய்யா போனு? லெட்டர் கையிலதானே கீது."

சப்-இன்ஸ்பெக்டர் பானுப்ரியா சிரித்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்றார்.

பானுப்ரியா அரக்கோணம் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். அவர் குரலை உயர்த்தி அந்த ஸ்டேஷனில் யாரும் கேட்டதில்லை. கேள்வி கேட்டுவிட்டு, பதில் வந்த பிறகும் கொஞ்சம் நேரம் சும்மா இருப்பார். அந்தச் சும்மாவுக்குப் பயந்தே பாதிப் பேர் மீதியையும் சொல்லிவிடுவார்கள். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அந்தச் சும்மாவினால்தான். அதை மறைப்பானேன்.

வந்தவர் பதிவேட்டில் ஜெயம்மாள் கையெழுத்துப் போட்டார். துளசிங்கம் எட்டிப் பார்த்தார்.

"தெலுங்குல போட்டுக்கிறே. ஜெயம்மான்னு கீது, 'ள்'ளைக் காணோமே."

"நான் பொறந்தது நகரி. படிச்சதெல்லாம் தெலுங்கு. பொதட்டூர்பேட்டையில கட்டிக் குடுத்தாங்க. 'ள்' இங்க வந்துதான் சேந்துது. ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மாமியார் ஊடு ஆந்திரா நாகலாபுரம். படிக்கலன்னா சோறு கெடைக்காது."

10.00.

பானுப்ரியா முதல் கடிதத்தை எடுத்தார். ஆனி மாதம் நான்காக மடித்துக் கதவு இடுக்கில் கிடந்ததாம். மேலே சிங்க முத்திரை, அழுக்கேறி, சற்றுக் கோணலாக. 'கோட்டாட்சியர்' என்பது 'கோட்டாச்சியர்' என்று இருந்தது. ஜெயம்மாள் கொடுத்த மனு ஏற்கப்பட வேண்டுமானால் கீழ்க்கண்ட கைப்பேசி எண்ணுக்கு உடனே பணம் அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் கைது. துளசிங்கம் தோள்வழியே படித்துவிட்டுக் கெக்கெக்கென்று சிரித்தார்.

"மனுக் குடுத்ததுக்கு அரஸ்டா? இத்த எழுதினவன மொதல்ல எலிமென்ட்ரி ஸ்கூலுக்கு அனுப்பணும் மேடம்."

"அந்த நம்பருக்கு ஒரு போன் போடுங்க ஏட்டு."

துளசிங்கம் போட்டார். மறுபடி போட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எண்களை விரல்விட்டு எண்ணினார்.

"மேடம், ஒன்பது நம்பர்தான் கீது. ஒண்ணு வுட்டுட்டான்."

"ம்" என்றார் பானுப்ரியா. அவ்வளவுதான் சொன்னார்.

இரண்டாவது கடிதம் பத்து நாள் முன்பு தபாலில் வந்தது. மூன்றாக மடித்திருந்தது, முத்திரை மடிப்புக்கு உள்ளே இருந்ததால் பளிச்சென்று இருந்தது. பொதட்டூர்பேட்டையில் ஒரு துண்டு நிலத்துக்குத் தணிகைமணி என்பவர் பட்டா கேட்டிருக்கிறார். அதை ஆட்சேபித்து ஜெயம்மாள் மனுக் கொடுத்திருக்கிறார். இரு தரப்பும் நேரில் வர வேண்டும். வராவிட்டால் அந்தத் தரப்பில் சொல்ல எதுவும் இல்லை என்று கொண்டு உத்தரவு போடப்படும்.

விசாரணை நாள், இன்று. நேரம், 11.30.

"எந்த நெலம்மா இது?"

"எங்க தெரு பின்னாடி கீற காலி எடம் மேடம். எங்க தறிக்கெல்லாம் அங்கதான் பாவு நூல நீட்டிக் கஞ்சி போட்டுக் காய வெப்போம். தெரு மொத்தத்துக்கும் அது ஒண்ணுதான். லுங்கிக்கார தணிகைமணி அத்த வளைச்சி கொடவுன் கட்டப் பாக்கறாரு. அந்த எடம் போச்சின்னா எங்க தறி நின்னுடும். நான்தான் தெருவுக்காக மனுக் குடுத்தேன்."

"அப்போ இந்த லெட்டர் உங்களுக்கு வர வேண்டியதுதானே. ஃப்ராடுன்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல மேடம், நானேதான் கண்டுபுடிச்சேன்" என்றார் ஜெயம்மாள், சற்றுப் பெருமையாக. விரலை இரண்டு கடிதங்களின் தலையிலும் வைத்துக் காட்டினார். "பாருங்க. ரெண்டுலயும் ஒரே நம்பர். மொத லெட்டர் ஃப்ராடுன்னு தெருவுக்கே தெரியும். அதே நம்பர் போட்டு ரெண்டாவது வந்தா அதுவும் அவன் வேலதானே?"

ந.க. எண் என்று போட்டிருந்த அந்தக் கோப்பு எண் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்.

பானுப்ரியா சும்மா இருந்தார். ஜெயம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு மீதியைச் சொன்னார்.

"ஆனா மேடம், ஒண்ணு மட்டும் ஒதைக்குது. இந்த ரெண்டாவது லெட்டருக்குப் போஸ்ட்மேன் என்கிட்ட கையெழுத்து வாங்கிகினு போனாரு. ஏமாத்துறவன் எதுக்குக் கையெழுத்து வாங்கறான்? அதான் யார்கிட்டயும் சொல்லாம கெடைச்ச பஸ்ஸப் புடிச்சி வந்துட்டேன்."

"நல்ல கேள்விம்மா" என்றார் பானுப்ரியா. அவர் யாரையும் லேசில் பாராட்டுகிறவர் இல்லை.

10.20.

வாசலில் பைக் நின்றது. வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. ஜெயம்மாளின் தங்கை மகன் கௌதமன். தணிகைமணியின் லுங்கிக் கடையில் வேலை பார்க்கிறவன்.

"பெரிம்மா, இங்க இன்னா பண்ணிகினு கீறே? பெரிப்பா போன் மேல போன் போட்டுகினு கீறாரு. பஸ் ஸ்டாண்டுல கேட்டா, ஸ்டேஷனுக்குப் போனேன்னு சொன்னாங்க. வா, ஊட்டுக்குப் போலாம்."

"உக்காருங்க தம்பி" என்றார் பானுப்ரியா. "பெரியம்மாவுக்கு லெட்டர் படிச்சிச் சொல்றது நீங்கதானா?"

"ஆங். நான்தான் மேடம்."

"மொத லெட்டர்?"

"நான்தான் ஃப்ராடுன்னு சொன்னேன். பணம் அனுப்ப வேணாம்னு தடுத்ததே நான்தான். தெருவுல யார வேணா கேளுங்க."

"ஆமா மேடம்" என்றார் ஜெயம்மாள். "இவன் இல்லன்னா ஏமாந்திருப்பேன்."

"ரெண்டாவது?"

"இருக்கறத அப்படியே படிச்சிச் சொன்னேன். நம்பர் ஒண்ணா கீதேடான்னு பெரிம்மாதான் கேட்டாங்க. ஆமா இல்ல, நாம போய் நின்னா அங்க மடக்கிப் பணம் புடுங்குவாங்கன்னு சொன்னேன். தப்பா மேடம்?"

"மனு எழுதினது யாரு?"

"முருகவேலுங்க. கோட்டாட்சியர் ஆபீஸ் வாசல்ல மேஜ போட்டுகினு ஒக்காந்திருப்பாரு. அவரும் ரெண்டு லெட்டரும் ஃப்ராடுன்னுதான் சொன்னாரு."

"ஆபீசுல கொண்டுபோய்க் குடுத்தது?"

"எனக்கு அன்னைக்கு மேலுக்கு முடியல" என்றார் ஜெயம்மாள். "இவன்தான் போனான்."

பானுப்ரியா தொப்பியை எடுத்தார்.

"மேடம், லெட்டர் நிஜமா பொய்யான்னு எப்படிச் சொல்றது?" என்று துளசிங்கம் கேட்டார். "ரெண்டுலயும் சிங்கம் கீது, ரெண்டுலயும் சீல் கீது."

"சிங்கத்தப் பாக்காதீங்க ஏட்டு. என்ன கேக்கறான்னு பாருங்க. ஏமாத்துறவன் 'வராதே, அனுப்பு'ம்பான். சர்க்கார் 'அனுப்பாதே, வா'ங்கும். அதுக்கு மேலயும் சந்தேகமா? லெட்டர்ல போட்டிருக்கிற நம்பருக்குப் போன் போடக் கூடாது. நேரா ஆபீசுக்கே போகணும். ஆபீஸ் பக்கத்துலதானே இருக்கு. வாங்க."

10.45.

கோட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தர் ஹம்சா இரண்டு கடிதங்களையும் வாங்கினார். முதலாவதைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்தார். இரண்டாவதைப் பார்த்ததும் தலையாட்டினார்.

"இது நாங்க அனுப்பினது மேடம். இந்த மாசம்தான் போச்சு. ரெண்டு தரப்புக்கும் ஒரே நாள்ல அனுப்பினோம். அந்த மொத லெட்டர் எங்களது இல்ல."

ஜெயம்மாள் அந்த இரண்டாவது கடிதத்தைத் திரும்பக் கையில் வாங்கிக்கொண்டார். வராமலே இருந்திருப்பாரே. வீட்டில் உட்கார்ந்து, நான் எப்படிக் கண்டுபிடித்தேன் பார் என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசிக்கொண்டிருந்திருப்பாரே. அதற்குள் தெருவின் நிலம் போயிருக்கும்.

"இந்த நம்பர் எப்போ விழும்?" என்று பானுப்ரியா கேட்டார்.

"மனு வாங்கற அன்னைக்கே. ஒப்புகைச் சீட்டுல எழுதி, கொண்டுவந்தவங்க கையிலயே குடுத்துடுவோம்."

"எதிர்த் தரப்புக்கு?"

"நோட்டீஸ் போனாத்தான் தெரியும்."

ஜெயம்மாள் திரும்பினார். "ஏன்டா கௌதமா, சீட்டு எதுவும் தர மாட்டாங்கன்னு சொன்னியே?"

"தரல பெரிம்மா. இல்ல, தந்திருப்பாங்க. எங்கயாவது வுழுந்திருக்கும்."

11.00.

வாசலில் வேப்பமரத்தடியில் முருகவேல் மேசை. மனு எழுதி எழுதி அவர் பேச்சே மனு மாதிரி ஆகியிருந்தது.

"மேற்படி லெட்டரை நான் பார்த்தது மெய். நம்பர் ஒன்றாக இருந்ததால் போலி என்று கருதியதும் மெய். மற்றபடி நான் அறியேன் மேடம். நான் எழுதிக் குடுக்கும்போது நம்பரே கெடையாது. அது உள்ள போனப்புறம் வுழறது."

அந்த நேரம் பார்த்து தணிகைமணியின் கார் வந்தது. இறங்கியவர் ஜெயம்மாளைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார்.

"வந்துட்டியா ஜெயம்மா? வர மாட்டேன்னு சொன்னாங்களே."

"யார் சொன்னாங்க?" என்றார் பானுப்ரியா.

தணிகைமணிக்கு அப்போதுதான் காக்கி கண்ணில் பட்டது. "ஊர்ல பேசிக்கினாங்க மேடம்."

பானுப்ரியா சும்மா இருந்தார். தணிகைமணியும் சும்மா இருந்தார். எல்லாரிடமும் அது பலிக்கும் என்று நான் சொல்லவில்லை.

"சரி. மூணு பேரும் ஒரு உதவி பண்ணுங்க. ஆளுக்கு ஒரு பேப்பர் தர்றேன். பேரும் போன் நம்பரும் எழுதி, மடிச்சிக் குடுங்க. அப்புறம் கூப்பிட்டுப் பேசறேன்."

முருகவேல் எழுதினார், வழக்குக் கட்டில் சொருகுகிற மாதிரி நீளவாக்கில் ஒரே மடிப்பு மடித்தார். தணிகைமணி எழுதிவிட்டு அப்படியே விரித்தபடி நீட்டினார். "மடிக்கறதுக்குத்தான் ஆள் வெச்சிருக்கேனே" என்று சிரித்தார். கௌதமன் எழுதினான். பாதியாக ஒரு மடிப்பு, அதில் பாதியாக இன்னொரு மடிப்பு, உள்ளங்கையால் மேலே ஒரு இழுப்பு. கண் பார்ப்பதற்குள் முடித்துக் கொடுத்தான். எழுதின பக்கம் வெளியே இருந்தது.

பானுப்ரியா அதை வாங்கி, போலிக் கடிதத்தின் பக்கத்தில் வைத்தார்.

"கடையில உங்களுக்கு என்ன வேலை தம்பி?"

கௌதமன் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டிருந்தான். தணிகைமணி சொன்னார். "லுங்கி மடிக்கற செக்ஷன். இவன மாதிரி ஸ்பீடா மடிக்க ஆள் கெடையாது."

"தெரியுது. லேபிள் வெளிய தெரியற மாதிரிதானே மடிக்கணும்? லெட்டர் மடிக்கிற எல்லாரும் எழுத்த உள்ள வெச்சி மடிப்பாங்க. இந்தப் போலி லெட்டர்ல சிங்க முத்திரை மட்டும் அழுக்காயிருக்கு, ஏன்னு காலையிலயே யோசிச்சேன். அது மடிப்புக்கு வெளிய இருந்திருக்கு. மூளை என்ன சொன்னாலும் கை பழக்கத்த விடாது."

"லுங்கி மடிக்கிறவன் ஊர்ல நூறு பேர் கீறான் மேடம்" என்றான் கௌதமன்.

"இருக்காங்க. மடிப்ப மட்டும் வெச்சி உங்கள நான் சொல்லல." பானுப்ரியா வேப்பமரத்து நிழலில் நின்று நிதானமாகப் பேசினார். "இந்த லெட்டர்ல எது தப்புன்னு எல்லாரும் பாத்தாங்க. முத்திரை கோணல், எழுத்துப் பிழை, பணம் கேட்டது. ஏட்டு சிரிச்சாரு, முருகவேல் சிரிச்சாரு, தெருவே சிரிச்சது. நான் எது சரின்னு தேடினேன். ஒண்ணே ஒண்ணுதான் சரியா இருந்தது. ந.க. எண். ஆபீஸ் நோட்டீஸ் இந்த மாசம் போகுது. போலி ஆனியிலயே வந்துடுச்சு. நோட்டீசுக்கு முன்னாடி அந்த நம்பர் தெரிஞ்சது ஆபீசுக்கும், ஒப்புகைச் சீட்ட வாங்கினவருக்கும்தான். முருகவேலுக்குத் தெரியாது. தணிகைமணிக்கும் தெரியாது."

"ஆபீசுல எவனாவது..." என்று கௌதமன் ஆரம்பித்தான்.

"ஆபீசுல இருக்கிறவங்களுக்குக் 'கோட்டாட்சியர்'னு எழுதத் தெரியும் தம்பி. சரி, அதையும் விடுங்க. பணம் பறிக்க லெட்டர் எழுதறவன் போன் நம்பர்ல ஒண்ணக் கொறைப்பானா? தூண்டில் போட்டவன் முள்ளு கட்டலையே. ஏன்னா அவனுக்கு மீன் வேணாம். பெரியம்மா தவறிப்போயும் பணத்த எழந்துடக் கூடாதுன்னு பாத்திருக்கான். அந்த மட்டுக்கும் பாசம் இருந்திருக்கு. அவனுக்கு வேண்டியதெல்லாம் இது பொய்னு எல்லாருக்கும் தெரியணும். அப்புறம் நெஜ லெட்டர் வரும்போது அதுவும் பொய்யாத் தெரியணும். அதுக்குத்தான் அந்த நம்பர். அதையும் ஏன் நம்பரா வெச்சான்? ஏன்னா இவங்களுக்குத் தமிழ் படிக்க வராது. தெலுங்கு படிச்சவங்க. ரெண்டு லெட்டரையும் பக்கத்துல வெச்சா இவங்க கண்ணு ஒப்பிட்டுப் பாக்கக் கூடியது நம்பர் ஒண்ணுதான். அது வீட்டு ஆளுக்குத்தான் தெரியும்."

ஜெயம்மாள் கௌதமனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானே கண்டுபுடிச்சேன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார் மெதுவாக. "நீ வெச்சத நான் எடுத்திருக்கேன்."

கௌதமன் உட்கார்ந்துவிட்டான். "கொடவுன் கட்டினா என்ன மேனேஜர் ஆக்கறேன்னு சொன்னாரு பெரிம்மா. ஒனக்கு ஒரு கஷ்டமும் வராம முடிச்சிடலாம்னு பாத்தேன். லெட்டர் விஷயம் அவருக்குத் தெரியாது. நீ வர மாட்டேன்னு மட்டும் சொன்னேன்."

"எனக்கு எதுவும் தெரியாதுப்பா" என்று தணிகைமணி கார் பக்கமாக இரண்டடி நகர்ந்தார்.

"உள்ள விசாரணை இருக்கு. எங்க போறீங்க?" என்றார் பானுப்ரியா.

11.30.

"ஜெயம்மாள், கணவர் பெயர் ராஜகோபால்" என்று உள்ளேயிருந்து அழைப்பு வந்தது. ஜெயம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். கதவருகே ஒரு கணம் நின்று, "நான் போய்ப் பேசிட்டு வந்துடறேன் மேடம். அவன் எங்கயும் போகாம பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தெருவில் எத்தனை வீட்டில் தறி, எந்த வீட்டுப் பாவு எந்தக் கிழமை, மழைக்காலத்தில் என்ன செய்வார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாராம். தணிகைமணி வாய் திறக்கும் முன்பே கோட்டாட்சியர் பேனாவை மூடிவிட்டாராம். இடத்தை நேரில் வந்து பார்க்காமல் உத்தரவு கிடையாது; அதுவரை யாரும் அங்கே ஒரு செங்கல் வைக்கக் கூடாது.

12.40.

ஸ்டேஷனில் மறுபடி அதே நாற்காலி. கௌதமன் பெஞ்சில் தலை குனிந்து இருந்தான்.

"சர்க்கார் முத்திரையப் போட்டிருக்கான்மா, லேசான தப்பு இல்ல. ஆனா தங்கச்சி பையன். நீங்க யோசிச்சிச் சொல்லுங்க" என்றார் பானுப்ரியா.

"யோசிச்சிட்டேன் மேடம். அவன் என்ன மட்டும் ஏமாத்தல, தெருவையே ஏமாத்தினான். என் தங்கச்சி வந்து அழுவா. அழட்டும், நானும் கூட ஒக்காந்து அழறேன். கம்ப்ளெய்ன்ட் எழுதணும்."

"நீங்க சொல்லுங்க, ஏட்டு எழுதிக்குவாரு."

"வேணாம். ஒருத்தர் படிச்சிச் சொல்லி, ஒருத்தர் எழுதிக் குடுத்துதான் இவ்ளோ தூரம் வந்துது. பேப்பர் குடுங்க. தெலுங்குல நானே எழுதறேன்."

பானுப்ரியா தன் பேனாவையே கொடுத்தார். ஸ்டேஷன் முழுக்க ஆடிக்கிருத்திகை மைக் செட் விவகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஜெயம்மாள் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். முடித்ததும் எழுத்து உள்ளே இருக்கிற மாதிரி மூன்றாக மடித்துக் கொடுத்தார். துளசிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரித்தார். தெலுங்கில் படித்துப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவர் கடைசியில் நின்றுவிட்டார்.

"என்ன ஏட்டு, புரியலையா?"

"புரியுது மேடம்." துளசிங்கம் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, கையெழுத்துக்கு மேலே இருந்த வரியைப் படித்தார்.

"'இந்த லெட்டர எனக்காக வேற யாரும் எழுதல. நானே எழுதினேன். இது நெஜம்.'"